பென்சில்வேனியா டவுன்ஷிப்பில் தன்னார்வ ஃபயர் கம்பெனி, ஆம்புலன்ஸ் மேற்பார்வை: முதல் ஆண்டுக்கான முழுமையான வழிகாட்டி

டவுன்ஷிப் (அமெரிக்காவில் நம் ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பு) போர்டுக்குப் புதிதாகத் தேர்வான உறுப்பினர்கள், அதாவது சூப்பர்வைசர்கள், அவசர சேவைக் குழுவில் உட்காரச் சொல்லி அழைக்கப்பட்டவர்கள், மேனேஜராக அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சாலையும் வடிகாலும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஃபயர் கம்பெனி, அதாவது ஊர்க்காரர்களே தன்னார்வமாக நடத்தும் தீயணைப்பு அமைப்பு, அந்த விஷயத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வண்டி உங்களுடையது இல்லை, கட்டடம் உங்களுடையது இல்லை, ஓடி வருபவர்கள் உங்களிடம் சம்பளம் வாங்குவதில்லை. ஆனாலும் பொறுப்பு உங்கள் தலையில்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இது கூடுதல் குழப்பம். அங்கே தீயணைப்பு மாநில அரசின் துறை, 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். இங்கே 911 அவசர அழைப்பை எடுப்பது கவுண்டி (மாவட்டம் போன்றது). ஆனால் அந்த அழைப்புக்கு யார் வருகிறார்கள் என்பது டவுன்ஷிப்பும் ஒரு தன்னார்வ அமைப்பும் செய்துகொண்ட ஏற்பாட்டைப் பொறுத்தது.

நான் சொல்வது இரண்டாம் வகுப்பு டவுன்ஷிப்களுக்கு. மாநிலத்தில் இவை 1,400-க்கும் மேல். பரோக்களுக்கும் (சிறு நகர உள்ளாட்சிகள்) முதல் வகுப்பு டவுன்ஷிப்களுக்கும் சட்டப்பிரிவு வேறு, வாசகம் ஏறத்தாழ ஒன்றே. பக்கத்து நியூ ஜெர்சியில் பல ஊர்களில் தனி ஃபயர் டிஸ்டிரிக்ட், தனித் தேர்தல், தனி வரி என்று இருப்பதால் இந்த வரிசை அங்கே அப்படியே பொருந்தாது.

வரிசை முக்கியம். சட்டம், பேச்சு, ஆள் பட்டியல், பணம், நேரக் கணக்கு, ஒப்பந்தம், பட்ஜெட். புதியவர்கள் பெரும்பாலும் பணத்தில் ஆரம்பிப்பார்கள், இல்லையென்றால் "ஏன் இவ்வளவு நேரமாகிறது?" என்று கேட்டு ஆரம்பிப்பார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் முதல் கேள்வியாக வந்தால், பதிலே வராது.

1. சட்டத்தைப் படியுங்கள், அது அரைப் பக்கம்தான்

இரண்டாம் வகுப்பு டவுன்ஷிப் சட்டத் தொகுப்பின் 1553-ஆம் பிரிவை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2008-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சட்டத்தின் மூலம் வந்தது. அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, டவுன்ஷிப் எல்லைக்குள் தீயணைப்பும் அவசர மருத்துவச் சேவையும் கிடைப்பதை உறுதிசெய்வது டவுன்ஷிப்பின் பொறுப்பு. எந்த வழியில், எந்த அளவுக்கு என்பதை டவுன்ஷிப்பே தீர்மானிக்கலாம். அதற்கு வேண்டிய நிதி உதவியும் நிர்வாக உதவியும் இதில் அடங்கும். இரண்டாவது, ஊரின் தேவை என்ன என்று சேவை அமைப்புகளுடன் டவுன்ஷிப் கலந்து பேச வேண்டும். மூன்றாவதுதான் பல்லுள்ள பகுதி. டவுன்ஷிப் பணம் வாங்கும் அமைப்பு, அந்தப் பணத்தை எதெதற்குச் செலவழித்தது என்று ஆண்டுதோறும் இனவாரியாகப் பட்டியல் தர வேண்டும். அது வராமல் அடுத்த நிதி ஒதுக்கீட்டைப் போர்டு பரிசீலிக்கவே கூடாது.

இதை முதலில் படிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "கணக்குக் கேட்க நீ யார்?" என்று ஒருவர் கேட்டால், "நான் கேட்கவில்லை, சட்டம் கேட்கிறது" என்று சொல்லிவிடலாம். தனிப்பட்ட சந்தேகமாக அது தெரியாது. அதே நேரம் இந்தப் பிரிவு உங்களுக்குத் தராததையும் கவனியுங்கள். யார் சீஃப், எந்த வண்டி முதலில் கிளம்ப வேண்டும், எந்தச் சன்னலை உடைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லும் அதிகாரம் போர்டுக்கு இதிலிருந்து வருவதில்லை.

2. முதல் சந்திப்புக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

டவுன்ஷிப் அலுவலகத்திலேயே கிடைப்பவற்றை முதலில் திரட்டுங்கள். கடந்த மூன்று ஆண்டு பட்ஜெட்டில் ஃபயர், ஆம்புலன்ஸ் ஒதுக்கீடுகள். இருக்கிற ஒப்பந்தம் அல்லது தீர்மானங்கள். தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி. கவுண்டி 911 மையத்திடம் டவுன்ஷிப் கொடுத்திருக்கும் பகுதிப் பிரிப்பு, அதாவது எந்தத் தெருவுக்கு எந்தக் கம்பெனி முதலில் என்ற வரைபடம்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் பார்ப்பதே இல்லை. புதிதாக வீட்டு வளாகம் முளைத்திருக்கும், வரைபடம் பழையதாகவே இருக்கும். பக்கத்து டவுன்ஷிப் ஸ்டேஷன் ஒரு மைலில் இருக்க, நான்கு மைல் தள்ளியிருக்கும் வண்டிக்குப் பேஜர் அடிக்கும்.

ஃபயர் கம்பெனியின் ஃபார்ம் 990-ஐயும் இறக்கிக்கொள்ளுங்கள். இவை லாப நோக்கற்ற அமைப்புகள் என்பதால் வருமானவரித் துறைக்குக் கொடுக்கும் இந்த அறிக்கை பொது ஆவணம். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருப்பவர்கள் ஒரு சின்ன மின்னணு அட்டையைத் தாக்கல் செய்தால் போதும், அதில் விவரம் ஒன்றும் இருக்காது. அப்படியானால் கம்பெனியிடமே ஆண்டறிக்கை கேட்க வேண்டியதுதான்.

3. யாரோடு பேசுவது

ஃபயர் கம்பெனிக்கு இரண்டு தலைகள். சீஃப் களத்துக்குப் பொறுப்பு: வண்டி, பயிற்சி, தீ நடக்கும் இடத்தில் கட்டளை. பிரசிடென்ட் அமைப்புக்குப் பொறுப்பு: வங்கிக் கணக்கு, கட்டடம், கூட்டம், உறுப்பினர் சேர்க்கை. இருவருக்கும் பல ஊர்களில் ஆகாது. கணக்குக் கேட்கும் கடிதத்தைச் சீஃபுக்கு அனுப்பினால் அது அவர் மேசையிலேயே கிடக்கும். எதுவானாலும் இருவருக்கும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள், பொருளாளருக்கு நகல் போடுங்கள்.

முதல் சந்திப்பை ஸ்டேஷனில் வையுங்கள், பயிற்சி நடக்கும் இரவில். போர்டு அறைக்கு அவர்களை வரவழைத்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து ஹோஸ் சுருட்டிக்கொண்டிருப்பவர்களிடம் போய் நின்றாலே பாதிக் கேள்விகளுக்கு விடை தெரியும். சுவரில் மாட்டியிருக்கும் உடைகளின் உள்பட்டையில் தயாரித்த தேதி இருக்கும். பத்து ஆண்டு தாண்டிய உடையைக் கழித்துவிட வேண்டும் என்பது தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) தரநிலை. மூச்சுக்கருவியின் கார்பன் சிலிண்டரில் கடைசி அழுத்தச் சோதனைத் தேதி ஒட்டியிருக்கும். அது ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும், சிலிண்டரின் மொத்த ஆயுள் பொதுவாகப் பதினைந்து ஆண்டு. குற்றம் பிடிக்கும் பார்வையோடு பார்க்காதீர்கள். "இதையெல்லாம் மாற்ற எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். கணக்கைப் பற்றிய பேச்சு அங்கே தானாகவே தொடங்கிவிடும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. போர்டு உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் ஒன்றாகப் போய் டவுன்ஷிப் விவகாரத்தை விவாதித்தால் அது திறந்த கூட்டச் சட்டத்தின்கீழ் வந்துவிடும். மூன்று பேர் போர்டில் இரண்டு பேர் போனாலே பெரும்பான்மை. ஒருவர், மேனேஜரோடு போகட்டும்.

4. ஆள் பட்டியலும் இழப்பீட்டுக் காப்பீடும்

பணத்துக்கு முன் இதைச் செய்யச் சொல்கிறேன். ஏனென்றால் இது தன்னார்வலர்களைப் பாதுகாக்கிற வேலை, அதோடு டவுன்ஷிப்புக்கே நேரடி ஆபத்து இருக்கிற இடமும் இதுதான். பென்சில்வேனியாவின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, பணியில் காயமடையும் தன்னார்வத் தீயணைப்பாளர் டவுன்ஷிப்பின் ஊழியராகவே கருதப்படுவார். பிரீமியம் கட்டுவது டவுன்ஷிப். 2011-இல் தீயணைப்பாளரின் புற்றுநோய்க்கும் இழப்பீடு கோர வழிசெய்யும் 46-ஆம் எண் சட்டம் வந்தபின் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் பல விலகிக்கொள்ள, நிறைய ஊர்கள் மாநில அரசின் இழப்பீட்டு நிதியத்துக்கு மாறின.

இங்கே மூன்று காரியங்கள்.

பட்டியலை வாங்குங்கள். பெயர், பொறுப்பு, பயிற்சிச் சான்று, சேர்ந்த தேதி, இந்த ஆண்டு எத்தனை அழைப்புக்கு வந்தார். "எங்களிடம் 60 உறுப்பினர்" என்பார்கள். அதில் தீயணைக்க வராமல் பெயருக்கு மட்டும் சேர்ந்திருக்கும் சமூக உறுப்பினர்கள், வயதானவர்கள், வேறு இரண்டு கம்பெனிகளிலும் பெயர் இருப்பவர்கள் எல்லாம் சேர்த்தி. முகமூடி போட்டு எரியும் வீட்டுக்குள் போகத் தகுதியானவர் எத்தனை பேர், வண்டி ஓட்டத் தகுதியானவர் எத்தனை பேர், அவர்களில் வேலைநாள் பகலில் ஊரில் இருப்பவர் எத்தனை பேர் என்று பிரித்துக் கேளுங்கள். 60 என்பது 9 ஆகிவிடுவது அதிசயம் இல்லை.

அடுத்து, அனுமதிக்கப்பட்ட செயல்களுக்கு ஒரு தீர்மானம். தீயணைப்பதும் பயிற்சியும் காப்பீட்டில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கார்னிவல் கூடாரம் கட்டும்போது ஏணியிலிருந்து விழுந்தால்? பள்ளி விழாவில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும்போது கார் மோதினால்? இவற்றையெல்லாம் டவுன்ஷிப் அனுமதித்த பணிகள் என்று முன்கூட்டியே தீர்மானத்தில் பட்டியலிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விழுந்த பிறகு நிறைவேற்றும் தீர்மானத்தை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் மதிக்காது.

மூன்றாவது, சம்பவ அறிக்கை. தன்னார்வலர் புற்றுநோய்க்கு இழப்பீடு கோரினால், குறைந்தது நான்கு ஆண்டு தொடர்ந்து தீயணைப்புப் பணியில் இருந்ததும், புற்றுநோய் உண்டாக்கும் பொருளின் தாக்கத்துக்கு நேரடியாக ஆளானதும் நிரூபணமாக வேண்டும். அந்தத் தாக்கத்துக்கான ஆதாரம் மாநிலத்தின் தீ தகவல் அறிக்கை முறையில் பதிவாகியிருக்க வேண்டும் என்கிறது 46-ஆம் எண் சட்டம். ஒவ்வொரு தீக்கும் அறிக்கை பதிந்து, அதில் யார் யார் வந்தார்கள் என்று எழுதாத கம்பெனி, தன் ஆட்களின் பிற்கால உரிமையையே கெடுத்துக்கொள்கிறது. "அறிக்கை வேலை எங்களுக்கு வேண்டாத சுமை" என்று சலித்துக்கொள்ளும் சீஃபிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வேறு பேச்சு இருக்காது.

5. பணம்: மூன்று பைகளைக் கலக்க விடாதீர்கள்

ஃபயர் கம்பெனியைச் சுற்றி மூன்று விதமான பணம் ஓடுகிறது. மூன்றுக்கும் விதி வேறு.

முதல் பை டவுன்ஷிப் பணம்: பொது நிதியிலிருந்து தரும் தொகை, தீ வரி. இதற்குத்தான் 1553-ஆம் பிரிவின் இனவாரிப் பட்டியல்.

இரண்டாவது, நிவாரணச் சங்கத்தின் பணம். வெளிமாநிலக் காப்பீட்டு நிறுவனங்கள் இங்கே விற்கும் தீக் காப்பீட்டுப் பிரீமியத்தின்மேல் 2 சதவீத வரி உண்டு. அதை மாநில ஆடிட்டர் ஜெனரல் ஊர்களுக்குப் பிரித்துத் தருகிறார். பாதி மக்கள்தொகை அடிப்படையில், பாதி நிலம் கட்டடத்தின் சந்தை மதிப்பு அடிப்படையில். பணம் வந்த 60 நாளுக்குள் டவுன்ஷிப் அதைத் தன்னார்வத் தீயணைப்பாளர் நிவாரணச் சங்கத்துக்கு மாற்றிவிட வேண்டும். இந்தச் சங்கம் சட்டப்படி கம்பெனியிலிருந்து தனி அமைப்பு. தனிக் கணக்கு, தனிக் கூட்டக் குறிப்பு, காசோலையில் குறைந்தது இரண்டு பேர் கையெழுத்து, அவர்களில் ஒருவர் பணம் வழங்கும் அலுவலர். அவருக்குப் பிணைப் பத்திரமும் வேண்டும். உறுப்பினர் காப்பீடு, பாதுகாப்பு உடை, பயிற்சி போன்றவற்றுக்கு இந்தப் பணம் போகலாம். கட்டடத்தின் மின்கட்டணத்துக்குப் போகக் கூடாது. இதை ஆடிட்டர் ஜெனரல் அலுவலகமே தணிக்கை செய்கிறது. அந்தத் தணிக்கை அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன. உங்கள் ஊர்ச் சங்கத்தின் கடைசி இரண்டு அறிக்கைகளைப் படியுங்கள். "முந்தைய குறை மீண்டும் கண்டறியப்பட்டது" என்று வந்திருந்தால் அங்கே நிர்வாகம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

புதியவர்கள் செய்யும் பிழை, இந்தத் தொகையையும் "டவுன்ஷிப் கொடுத்த உதவி" என்று கணக்குக் காட்டுவது. அது உங்கள் கை வழியாகப் போகிற மாநிலப் பணம், அவ்வளவுதான். கம்பெனிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கூட்டத்தில் நீங்கள் பெருமையாகச் சொன்னால் பின்வரிசையில் சிரிப்புக் கேட்கும்.

மூன்றாவது பை, அவர்களே திரட்டுவது: சிக்கன் பார்பிக்யூ, பிங்கோ, ராஃபிள் சீட்டு, மண்டப வாடகை, நன்கொடைக் கடிதம். சில இடங்களில் மதுக்கூடத்தோடு கூடிய கிளப்பும் உண்டு. இது உங்கள் பணம் இல்லை. ஆனால் முழுச் சித்திரத்துக்கு இதன் மொத்தத் தொகையாவது வேண்டும். கிளப்பின் நட்டத்தை ஃபயர் கணக்கு தாங்குகிறதா என்பது மட்டும் உங்களுக்கு முக்கியம்.

எவ்வளவு ஆழமான தணிக்கை கேட்பது? கணக்காளர் தொகுத்துத் தருவது, மேலோட்டமாகச் சரிபார்ப்பது, முழுத் தணிக்கை என்று மூன்று நிலைகள். முழுத் தணிக்கைக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். ஆண்டுக்கு 30,000 டாலர் வாங்கும் சின்னக் கம்பெனியிடம் அதைக் கேட்டால், நீங்கள் கொடுத்ததில் நல்ல பங்கைக் கணக்காளருக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள். என் கருத்தில் முதல் ஆண்டுக்குத் தொகுப்போடு இரண்டு எளிய ஏற்பாடுகள் போதும்: வங்கி அறிக்கை பொருளாளர் அல்லாத இன்னொரு நிர்வாகிக்கும் நேராகப் போக வேண்டும், மாதக் கூட்டத்தில் அதை உரக்க வாசித்துக் குறிப்பில் ஏற்ற வேண்டும். தன்னார்வக் கம்பெனிகளில் பணம் காணாமல் போன செய்திகளைப் படித்தால் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வரும். பல ஆண்டுகள் ஒரே பொருளாளர், அறிக்கையைப் பார்த்தவர் அவர் ஒருவரே.

6. நேரக் கணக்கைப் படிப்பது

கவுண்டி 911 மையத்திடம் டவுன்ஷிப் எல்லைக்குள் நடந்த அழைப்புகளின் பட்டியலை ஓராண்டுக்குக் கேளுங்கள். கம்பெனி தரும் சுருக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு அழைப்பிலும் மூன்று நேரங்கள் இருக்கும்: டிஸ்பாட்ச் ஆன நேரம் (911 மையம் கம்பெனிக்குத் தகவல் அனுப்பியது), வண்டி கிளம்பிய நேரம், இடத்தை அடைந்த நேரம். ஓர் உதாரணம். செவ்வாய்க்கிழமை பகல் 2:10-க்கு "வீட்டில் புகை" என்று பேஜர் அடிக்கிறது. யாரும் பதில் சொல்லவில்லை. 2:14-க்கு மறுபடி அடிக்கிறார்கள், பக்கத்து ஊர்க் கம்பெனியையும் சேர்க்கிறார்கள். 2:17-க்கு இன்ஜின் கிளம்புகிறது. 2:24-க்கு வாசலில் நிற்கிறது. கம்பெனி அறிக்கையில் 7 நிமிடம் என்று இருக்கும், கிளம்பியதிலிருந்து எண்ணியிருப்பார்கள். வீட்டுக்காரருக்கு அது 14 நிமிடம். அந்த இன்ஜினில் வந்தவர் ஓட்டுநர் ஒருவர் மட்டும் என்றால் அந்த 14-க்கும் மதிப்பில்லை. இருவர் உள்ளே போக இருவர் வெளியே தயாராக நிற்க வேண்டும் என்பது தொழிலின் அடிப்படை விதி. நான்காவது ஆள் வந்த நேரம்தான் உண்மையான நேரம், உள்ளே யாரோ சிக்கியிருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர.

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. டிஸ்பாட்சிலிருந்து வாசல் வரை எவ்வளவு? எத்தனை பேர் வந்தார்கள்? வேலைநாள் காலை 6 முதல் மாலை 6 வரைக்கும் மற்ற நேரத்துக்கும் என்ன வித்தியாசம்? முதல் கம்பெனி வராமலே போன அழைப்புகள் எத்தனை?

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். பத்து அழைப்பில் எட்டுக்கு 6 நிமிடம், இரண்டுக்கு 20 நிமிடம் என்றால் சராசரி 8.8. கேட்க நன்றாக இருக்கும். அந்த இரண்டு வீடுகளும் அந்த எண்ணுக்குள் காணாமல் போயிருக்கும். "இத்தனை நிமிடத்துக்குள் எத்தனை சதவீதம்" என்று கேட்பதே சரி.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமானால் தன்னார்வத் துறைகளுக்கான என்.எஃப்.பி.ஏ. 1720 தரநிலையை எடுத்துக்கொள்ளலாம். சதுர மைலுக்கு 1,000 பேருக்கு மேல் வசிக்கும் இடத்தில் 9 நிமிடத்தில் 15 பேர், 90 சதவீத அழைப்புகளில். 500 முதல் 1,000 பேர் இருக்கும் புறநகரில் 10 நிமிடத்தில் 10 பேர், 80 சதவீதம். அதற்கும் குறைவான கிராமப்புறத்தில் 14 நிமிடத்தில் 6 பேர், 80 சதவீதம். பென்சில்வேனியாவில் இது சட்டம் இல்லை, டவுன்ஷிப் தானாக ஏற்றுக்கொண்டால் ஒழிய. இதைக் காட்டி "நீங்கள் தோற்றுவிட்டீர்கள்" என்று சொல்லக் கிளம்பாதீர்கள். எந்த நேரத்தில், எந்தத் தெருக்களில் ஆள் போதவில்லை என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்துங்கள்.

பகலில்தான் ஓட்டை என்று தெரிந்தால் தீர்வு பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். வேலைநாள் பகலில் முதல் அழைப்பிலேயே இரண்டு கம்பெனிகளுக்குச் சேர்த்துப் பேஜர் அடிக்கச் சொல்லி கவுண்டிக்கு எழுதலாம். செலவில்லாத மாற்றம். சீஃபின் சம்மதத்தோடு செய்யுங்கள். அவருக்குத் தெரியாமல் வரைபடத்தை மாற்றினால், மூன்றாம் பகுதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

7. ஆம்புலன்ஸ் வேறு வழியில் ஓடுகிறது

ஃபயர் கம்பெனிக்கு மாநில உரிமம் என்று ஒன்று இல்லை. ஆம்புலன்ஸ் அமைப்புக்கு உண்டு. 2009-ஆம் ஆண்டின் 37-ஆம் எண் சட்டப்படி மாநிலச் சுகாதாரத் துறை தருகிறது. மருத்துவத் தரம், ஊழியர் தகுதி, வண்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் வேலை. டவுன்ஷிப் அதற்குள் நுழைய வேண்டாம். உங்கள் கேள்வி ஒன்றுதான்: வண்டி வருகிறதா, அடுத்த ஆண்டும் வருமா?

"அடுத்த ஆண்டும்" என்பதற்குக் காரணம் பணம். பெயரில் தன்னார்வம் இருந்தாலும் பல ஆம்புலன்ஸ் அமைப்புகளில் இப்போது சம்பள ஊழியர்களே பெரும்பாலும். வருமானம் காப்பீட்டுக் கட்டணத்திலிருந்து வருகிறது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனால்தான் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் தரும். கீழே விழுந்த முதியவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு வந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் கிடைக்காது. இரவு முழுக்க வண்டியையும் இரண்டு பேரையும் தயாராக வைத்திருப்பதற்கு யாரும் கட்டணம் தருவதில்லை. அந்தத் தயார்நிலைச் செலவுக்குத்தான் டவுன்ஷிப் பணம் தேவைப்படுகிறது.

ஒரே அமைப்பு பல ஊர்களுக்கு ஓடும். ஆளுக்கு இவ்வளவு என்று எல்லா ஊரும் ஒரே விகிதத்தில் தருகிறதா என்று கேளுங்கள். ஆளுக்கு 10 டாலர் என்றால் 8,000 பேர் உள்ள ஊரின் பங்கு 80,000 டாலர். பக்கத்து ஊர் ஒன்றும் தராமல் அதே வண்டியைப் பயன்படுத்துகிறது என்றால், பேச வேண்டிய இடம் அந்த ஊரின் போர்டு.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: அறிக்கையில் முகவரியும் நோயாளி விவரமும் கேட்பது. கூட்டாட்சி அரசின் மருத்துவத் தனியுரிமைச் சட்டப்படி அவர்கள் தர முடியாது, நீங்கள் வாங்கவும் கூடாது. தேதி, நேரம், அழைப்பின் வகை, யார் வந்தார்கள், வராவிட்டால் எந்த அமைப்பு வந்தது. இது போதும்.

8. ஒப்பந்தத்தை எழுதுங்கள்

பல ஊர்களில் எழுத்து ஒப்பந்தமே இருக்காது. "அவங்க எப்பவும் வருவாங்க" என்பதுதான் ஏற்பாடு. ஆறு பகுதிகள் வரை வேலை முடிந்த பிறகு ஒப்பந்தத்தைத் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், அப்போதுதான் அதில் எழுத உண்மையான எண்கள் உங்களிடம் இருக்கும்.

தீர்மானம் ஒன்றால் இந்தக் கம்பெனியே டவுன்ஷிப்பின் அதிகாரபூர்வத் தீயணைப்பு அமைப்பு என்று அறிவியுங்கள். சட்டப்படி உருவாகி அப்படி அங்கீகாரம் பெற்ற தன்னார்வக் கம்பெனியை உள்ளாட்சி அமைப்பாகக் கருதி வழக்குப் பாதுகாப்பு உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 1992-இல் ஆல்பர்ட்டிஸ் ஃபயர் கம்பெனி வழக்கில் சொன்னது. ஆகவே இந்தத் தீர்மானம் அவர்களுக்கும் லாபம். பேச்சுவார்த்தையில் முதலில் இதைக் கொடுங்கள், பிறகு கேளுங்கள்.

ஒப்பந்தத்துக்குள் வர வேண்டியவை: எந்தப் பகுதி, எந்த அறிக்கை, எந்தத் தேதிக்குள், பட்டியல் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, சீஃபுக்கும் ஓட்டுநருக்கும் குறைந்தபட்சத் தகுதி, டவுன்ஷிப் பணத்தில் வாங்கிய வண்டியின் உரிமைப் பத்திரம் யார் பெயரில், கம்பெனி கலைந்தால் அந்த வண்டி எங்கே போகும், சேவையை நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. ஆறு மாதத்துக்குக் குறையாமல் கேளுங்கள். பட்ஜெட் சுற்று ஒன்று நடுவில் வர வேண்டும்.

களத்தில் கட்டளை சீஃபுடையது என்று ஒரு வரி வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அந்த வரிக்காகவே பல சீஃப்கள் கையெழுத்துப் போடுவார்கள். சூப்பர்வைசர்களில் ஒருவர் அந்தக் கம்பெனியின் உறுப்பினராகவும் இருந்தால், வாக்களிக்கலாமா என்று சொலிசிட்டரிடம் (டவுன்ஷிப்பின் வழக்கறிஞர்) முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

9. பட்ஜெட்டும் வரியும்

பட்ஜெட் டிசம்பர் 31-க்குள் நிறைவேற வேண்டும், அதற்கு முன் 20 நாள் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் கம்பெனியின் கோரிக்கையும் முந்தைய ஆண்டின் செலவுப் பட்டியலும் ஆகஸ்ட் முடிவுக்குள் வந்துவிட வேண்டும். நவம்பரில் கேட்டால் அவர்களும் அவசரத்தில் ஏதோ ஒரு எண்ணை எழுதிக் கொடுப்பார்கள், நீங்களும் போன ஆண்டுத் தொகையோடு கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடுவீர்கள்.

தீ வரி, ஆம்புலன்ஸ் வரி என்று தனி வரி விதிக்கலாம். ஒரு மில் என்பது மதிப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு ஒரு டாலர். ஊரின் மொத்த மதிப்பீடு 40 கோடி டாலர் என்றால் ஒரு மில் 4 லட்சம் டாலர் தரும், வசூலாகாதது போக. எத்தனை மில் வரை போகலாம் என்ற வரம்பு சட்டத் திருத்தங்களால் மாறுவது, எனவே நடப்புப் பிரிவைச் சொலிசிட்டரிடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பக்கத்து ஊர்க்காரர் சொன்ன எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இப்படி வசூலிப்பதை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும். பொது நிதியோடு கலந்து கிடக்க விடாதீர்கள்.

வண்டி வாங்குவது தனிக் கதை. புதிய இன்ஜின் இன்று பத்து லட்சம் டாலரைத் தொடுகிறது. மாநிலத் தீயணைப்பு ஆணையர் அலுவலகம் 2 சதவீத வட்டியில் தன்னார்வக் கம்பெனிகளுக்குக் கடன் தருகிறது. கூட்டாட்சி அரசின் தீயணைப்பாளர் உதவி மானியத்தில் 20,000 பேர் வரை உள்ள பகுதிக்கு 5 சதவீதம் மட்டும் சொந்தப் பங்கு. "எங்களுக்கும் ஏணி வண்டி வேண்டும்" என்ற கோரிக்கை வந்தால் ஐந்து மைலுக்குள் எத்தனை ஏணி வண்டிகள் இருக்கின்றன என்று முதலில் எண்ணுங்கள். நான் பார்த்தவரை, வண்டிக்கு எப்போதும் பஞ்சமில்லை, ஓட்ட ஆளுக்குத்தான் பஞ்சம்.

ஆளுக்குச் செலவழிக்க ஒரு வழி வரிச் சலுகை. 2016-ஆம் ஆண்டின் 172-ஆம் எண் சட்டப்படி, சுறுசுறுப்பாக இருக்கும் தன்னார்வலரின் உள்ளூர் வருமான வரியிலோ டவுன்ஷிப் சொத்து வரியிலோ சலுகை தரலாம். முதலில் சொத்து வரியில் 20 சதவீதம் வரைதான் இருந்தது, 2020-இல் அதை 100 சதவீதம் வரை உயர்த்தினார்கள். யார் தகுதி என்பதற்குப் புள்ளி முறை ஒன்றைச் சீஃபோடு உட்கார்ந்து எழுத வேண்டும். நான்காம் பகுதியின் பட்டியல் இல்லாமல் இது நகராது.

10. "மூடப்போகிறோம்" என்று கடிதம் வந்தால்

அது வராது என்று நினைக்காதீர்கள். 2018-இல் வெளியான மாநிலச் சட்டமன்ற ஆணையத்தின் அறிக்கை, 1970-களில் சுமார் 3 லட்சமாக இருந்த தன்னார்வத் தீயணைப்பாளர் எண்ணிக்கை 38,000 அளவுக்கு இறங்கிவிட்டதாகச் சொல்கிறது.

கடிதம் வந்த அன்றே மூன்று பேரை அழையுங்கள். கவுண்டி 911 மையத்தை, எந்த நாளிலிருந்து யாருக்குப் பேஜர் அடிப்பது என்று முடிவாக வேண்டும். பக்கத்துக் கம்பெனிகளின் சீஃப்களை, அவர்கள் ஏற்கெனவே பகலில் உங்கள் ஊருக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது. சொலிசிட்டரை, கலையும் லாப நோக்கற்ற அமைப்பின் சொத்து நீதிமன்ற மேற்பார்வையில்தான் கைமாற வேண்டும், நிவாரணச் சங்கத்தின் பணத்துக்குத் தனி விதி.

அதற்கு அடுத்த வாரம் மாநிலத்தின் சமூகப் பொருளாதார வளர்ச்சித் துறைக்கு எழுதுங்கள். கம்பெனிகளை இணைப்பது பற்றி ஆய்வு செய்ய அனுபவமுள்ள தீயணைப்பு ஆலோசகரைக் கட்டணமில்லாமல் அனுப்பிவைக்கிறார்கள். இதற்கு டவுன்ஷிப்பின் கடிதம் மட்டும் போதாது, சம்பந்தப்பட்ட கம்பெனிகளும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். பல ஊர்கள் சேர்ந்து ஒரே சேவையை நடத்த மாநிலத்தின் உள்ளாட்சி ஒத்துழைப்புச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு ஒவ்வொரு போர்டும் தனித்தனியே முறைப்படி உள்ளூர்ச் சட்டம் நிறைவேற்ற வேண்டும். ஆய்வு முடிய மாதங்கள் ஆகும். அதுவரை பக்கத்து ஊர் வண்டிகளுக்கு எரிபொருள் செலவையாவது டவுன்ஷிப் ஏற்கும் என்று ஓர் இடைக்கால ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் கேட்பதற்கு முன்பே.